ஒரே கடாயில் க்ரீமி சிக்கன் பாஸ்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழி, பாஸ்தா, க்ரீம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சமைத்துக் கலக்காமல், ஒரே கடாயில் தொடங்கி அதே கடாயிலேயே முடிக்கும் இந்த இரவு உணவைப் பற்றி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே மாதிரியான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாக விளக்குவதைவிட எழுதி வைத்துவிடுவது மேல் என்பதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

பதில்கள் எல்லாம் பின்வரும் அளவையே அடிப்படையாகக் கொண்டவை: பென்னே பாஸ்தா 250 கிராம், எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 400 கிராம், நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 8 பல், எண்ணெயும் வெண்ணெயும் தலா 1 மேசைக்கரண்டி, சூடான தண்ணீர் 750 மில்லி, ஃப்ரெஷ் க்ரீம் 150 மில்லி, துருவிய சீஸ் 50 கிராம், தேவையான உப்பு, இடித்த மிளகு. கறியைச் சிவக்க வறுத்துத் தட்டில் எடுத்து, அதே கடாயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, பாஸ்தாவையும் தண்ணீரையும் சேர்த்து வேகவைத்து, கறியைத் திரும்பப் போட்டு, கடைசியில் க்ரீமும் சீஸும் கலந்து இறக்க வேண்டும். மூன்று பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

பாஸ்தாவைத் தனியா வேகவச்சு வடிக்கவே வேண்டாமா? வழவழன்னு ஆயிடாதா?

வடிக்க வேண்டாம், இந்த முறையின் உயிரே வடிக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. பாஸ்தா வேகும்போது அதன் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைகிறது. ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, குழம்பைக் கெட்டியாக்குகின்றன. தனியாக வேகவைத்து வடிப்பவர்கள் அந்தச் சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பிறகு குழம்பைக் கெட்டியாக்க மைதாவையோ சோளமாவையோ தேடுகிறார்கள். வடித்த சோற்றுக்கும் வெண்பொங்கலுக்கும் என்ன வேறுபாடோ அதே வேறுபாடுதான் இங்கும்.

வழவழப்பு தண்ணீர் அளவு தவறுவதாலும் தேவைக்கு மேல் வேகவிடுவதாலும் வருவது. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கும்: எதையும் வடிக்காததால் கடாய்க்குள் போன தண்ணீர், உப்பு, புளிப்பு எல்லாம் அப்படியே தட்டுக்கு வந்து சேரும்.

இது நிஜமாவே இத்தாலிக்காரங்க சாப்பாடா?

இந்த வடிவத்தில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் நகரில் உணவகம் நடத்திய அல்ஃபிரேடோ டி லேலியோ புகழ்பெறச் செய்தது வெண்ணெயும் பார்மேசன் சீஸும் மட்டும் கலந்த ஃபெட்டுச்சினி. அதில் க்ரீமும் இல்லை, கோழியும் இல்லை. அவை அந்த உணவு அமெரிக்காவுக்குப் போன பிறகு சேர்ந்தவை. ஆகவே நம் வீட்டில் இடித்த மிளகு கூடுதலாகப் போனால் எந்த மரபும் கெட்டுவிடாது.

கடையில பத்து விதமா பாஸ்தா இருக்கு. எதை வாங்கறது?

பாக்கெட்டின் பின்புறத்தில் மூலப்பொருள் வரியைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்று இருந்தால் அது உறுதியான புரதம் கொண்டது. 12 நிமிடம் குழம்பிலேயே கொதித்தாலும் வடிவம் கலையாது. மைதா கலந்த மலிவான வகைகள் வடித்துச் செய்யும் முறைக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். இந்த முறையில் ஓரங்கள் கரைந்து கூழாகிவிடும்.

வடிவத்தில் பென்னே, ஃபுசில்லி இரண்டும் எளிதானவை. ஸ்பகெட்டியில் செய்யலாம், ஆனால் கடாயில் படுக்க இடமில்லாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு முனை குழைந்து மறுமுனை வேகாமல் நிற்கும். உடைத்துப் போடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. சிறுதானிய பாஸ்தாவில் கோதுமை கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கோதுமையே இல்லாததில் பசைப்புரதம் கிடையாது என்பதால் கிளறக் கிளற உடையும். அதைத் தனியே வேகவைத்துக் கடைசியில் சேர்ப்பதே நல்லது. சேமியா இதற்குச் சரிவராது.

தண்ணி எவ்வளவு ஊத்தணும்? டம்ளர் கணக்குல சொல்லுங்க.

ஒரு பங்கு பாஸ்தாவின் எடைக்கு மூன்று பங்கு தண்ணீர். 250 கிராமுக்கு 750 மில்லி, அதாவது 200 மில்லி டம்ளரில் நான்குக்குச் சற்றே குறைவு. இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அளவை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். உலர்ந்த பாஸ்தா வெந்து முடிக்கும்போது அதன் எடை இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிறது. ஆகவே சுமார் 300 மில்லியை அது குடித்துவிடுகிறது. 12, 13 நிமிடக் கொதியில் ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. எஞ்சியிருப்பது க்ரீமுடன் சேர்ந்து குழம்பாகிறது.

ஆவியாகும் பங்கு வீட்டுக்கு வீடு மாறும். அகலமான கடாய், மூடாத கொதி, பெரிய பர்னர் என்றால் அதிகம். மூடி போட்டுச் சிம்மில் வைத்தால் குறைவு. எனவே முதலில் 650 மில்லி ஊற்றி, மீதி 100 மில்லியைக் கொதிக்கும் நிலையில் பக்கத்து அடுப்பில் வைத்துக்கொண்டு தேவைக்கேற்பச் சேர்ப்பது பாதுகாப்பானது. பச்சைத் தண்ணீரை நடுவில் ஊற்றினால் கொதி அடங்கி, பாஸ்தா வேகாமல் ஊறத் தொடங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் அந்தத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வடிக்காத சமையல் என்பதால் அதன் உவர்ப்பு முழுவதும் நாக்கில் தெரியும். குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றுங்கள்.

பாஸ்தா தண்ணி கடல் மாதிரி உப்பா இருக்கணும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே?

அந்த அறிவுரை வடிக்கும் முறைக்கானது. அங்கே லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்டாலும் பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறிவிடும். இங்கே வெளியேற வழியே இல்லை. கறியில் ஏற்கெனவே தடவிய உப்பு, சீஸிலுள்ள உப்பு, சிலர் போடும் சிக்கன் க்யூபிலுள்ள உப்பு எல்லாம் ஒன்றாகக் கூடும். 750 மில்லி தண்ணீருக்கு முக்கால் தேக்கரண்டி போட்டு, சீஸ் கலந்த பிறகு சுவைத்துப் பார்த்துத் தேவையானால் சேர்க்கலாம். க்யூப் போடுபவர்கள் தொடக்கத்தில் உப்பே போட வேண்டாம்.

சிக்கன் கடையில என்னன்னு கேட்டு வாங்கணும்?

"தோல் எடுத்து, தொடை மட்டும் போன்லெஸ்" என்று கேளுங்கள். வெறுமனே போன்லெஸ் என்றால் பெரும்பாலும் நெஞ்சுக்கறிதான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் தொடையில் எலும்பு எடுத்துத் தரச் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சனிக்கிழமை மாலையே சொல்லிவைத்துவிடலாம். தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதல் என்பதால் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மென்மை குறையாது. நெஞ்சுக்கறிக்கு அந்தப் பொறுமை கிடையாது. உள் வெப்பம் 74 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரம் போனாலே நார் நாராகக் காய்ந்துவிடும்.

இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். நாட்டுக்கோழி இதற்கு ஏற்றதன்று. அது மிருதுவாகும் முன் பாஸ்தா கரைந்துபோயிருக்கும்.

மஞ்சள் போட்டுக் கழுவாம எப்படிச் சமைக்கறது? இங்க்லீஷ் ரெசிபியில கழுவாதீங்கன்னு இருக்கே.

கழுவ வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. குழாயடியில் கறியைக் கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகளில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் தொட்டி, மேடை, பக்கத்திலுள்ள பாத்திரங்கள் வரை பரவும். கறியிலுள்ள கிருமியைச் சாகடிப்பது வேகவைக்கும் வெப்பம் மட்டுமே. தண்ணீரும் மஞ்சளும் அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆனால் நம் ஊர்க் கடையில் கண்ணெதிரே வெட்டித் தரும் கறியில் இறகுத் துணுக்கும் எலும்புத் தூளும் ஒட்டியிருக்கும் என்பதும் உண்மைதான். கழுவியே ஆக வேண்டுமென்றால், ஓடும் குழாய்க்குக் கீழே வைக்காமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதற்குள் அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: சுத்தமான துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்து ஈரமே இல்லாமல் உலர்த்த வேண்டும். ஈரக் கறி கடாயில் பட்டால் சிவக்காது, வேகும். மஞ்சளைத் தவிர்த்தால் குழம்பு வெண்மையாக இருக்கும்.

ஒரே பாத்திரம்னு சொல்லிட்டு, எதுக்கு சிக்கனைத் தட்டுல எடுத்து வைக்கச் சொல்றீங்க?

நியாயமான கேள்வி. ஒரு தட்டு கூடுதலாகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டு இல்லாமல் செய்தால் கறி, பாஸ்தாவோடு சேர்ந்து மேலும் 13 நிமிடம் கொதித்து ரப்பராகும்.

கறியை வறுக்கும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள். போட்டவுடன் கரண்டியை எடுக்கக் கூடாது. எவர்சில்வர் கடாயில் முதல் நிமிடம் கறி அடியைக் கவ்விக்கொண்டிருக்கும். நெட்டித் தள்ளினால் பிய்ந்து பாதி அடியிலேயே நிற்கும். இரண்டரை, மூன்று நிமிடம் கழித்து, ஓரத்தில் பழுப்புக் கோடு ஏறியதும் அது தானாகவே விடும். மறுபுறமும் அவ்வாறே வறுத்து எடுத்தால், அடியில் காபிப்பொடி நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். சுவையின் பெரும்பகுதி அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. வெங்காயத்தின் ஈரமும் பிறகு ஊற்றும் தண்ணீரும் அதைக் கரைத்துக் குழம்போடு சேர்க்கும். தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

தட்டில் இருக்கும் கறி முழுதாக வேகாதது. பச்சைக் கறி வைத்திருந்த தட்டில் அதை எடுக்கக் கூடாது. பாஸ்தா வேக இன்னும் 4 நிமிடம் இருக்கும்போது, தட்டில் இறங்கிய சாற்றோடு சேர்த்துக் கடாயில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும்.

எந்தக் கடாய் நல்லது?

சுமார் 28 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடி கனமான, மூடியுள்ள எதுவும். எவர்சில்வரில் மேலே சொன்ன படலம் நன்றாகப் பிடிக்கும். நான்-ஸ்டிக்கில் அவ்வளவு பிடிக்காது, ஆனால் கழுவுவது எளிது. பூச்சில்லாத அலுமினியத்திலும் இரும்பிலும் தக்காளி சேர்த்துச் செய்தால் உலோக வாடை ஏறும். உருண்டை அடியுள்ள வாணலி இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பொருந்தாது என்பதோடு, இதில் பாஸ்தா ஒரே மட்டமாக மூழ்காது.

குக்கர்ல ஒரு விசில் விட்டா வேலை முடிஞ்சிடாதா?

முடியும், சுவையில் கொஞ்சம் இழப்போடு. குக்கரில் ஆவி வெளியேறுவது குறைவு என்பதால் தண்ணீரை 550 மில்லியாகக் குறைத்து, நடுத்தரத் தீயில் ஒரு விசில் வந்ததும் அணைத்து, இரண்டு நிமிடத்தில் கவனமாக ஆவியை விடுவிக்க வேண்டும். பாஸ்தா பொங்கி நுரைக்கும். அந்த நுரை ஆவித் துளையை அடைக்கக்கூடும். ஆகவே குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட வேண்டும். க்ரீமும் சீஸும் மூடியைத் திறந்த பிறகுதான். குக்கரில் பாதி வேக்காட்டில் திறந்து பார்க்க முடியாது என்பதே எனக்குள்ள பெரிய மனக்குறை.

ஹெவி க்ரீம்னு போட்டிருக்கு, இங்க ஃப்ரெஷ் க்ரீம்தான் கிடைக்குது. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றல்ல. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ஹெவி க்ரீமில் கொழுப்பு 36 சதவீதமாவது இருக்கும். நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கிறது. கொழுப்பு குறையக் குறைய, கொதியையும் புளிப்பையும் தாங்கும் திறனும் குறையும். ஹெவி க்ரீமை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிடச் சொல்லும் குறிப்பை அப்படியே பின்பற்றி, நம் ஃப்ரெஷ் க்ரீமை ஊற்றினால் பிரிந்துபோக வாய்ப்பு அதிகம். அடுப்பை மிகவும் சிம்மில் வைத்து, கடைசி 2 நிமிடத்தில் சேர்ப்பதே நமக்குச் சரியான முறை.

பெட்டியின் அடியில் தண்ணீர் தனியாகவும் மேலே கெட்டியாகவும் இருந்தால் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

பால்ல இருந்து எடுத்து வச்ச ஏடு இருக்கு. அதைப் போடலாமா?

நான்கைந்து நாள் சேர்த்துப் புளிப்பேறிய ஏடாக இருந்தால் வேண்டாம். அன்றன்று எடுத்ததென்றால், இரண்டு மேசைக்கரண்டி பாலோடு மிக்ஸியில் ஓரிரு சுற்று மட்டும் சுற்றி, அடுப்பை அணைத்த பிறகு கலக்கலாம். அதிகம் சுற்றினால் வெண்ணெய் திரண்டுவிடும். கொதிக்கவிட்டால் நெய் மிதக்கும்.

க்ரீமே இல்லாம பண்ண வழி உண்டா? எங்க வீட்டுல ஒருத்தருக்குப் பால் ஒத்துக்காது.

இவை இரண்டு வேறு தேவைகள். க்ரீம் கைவசம் இல்லை என்பது மட்டுமே சிக்கலென்றால், பால் போதும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு உண்டு. வெங்காயம் வதங்கியதும் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிப் பச்சை வாடை போக வறுத்து, 500 மில்லி தண்ணீரும் 300 மில்லி பாலுமாக ஊற்றுங்கள். மைதாவின் மாவுச்சத்து பாலின் புரதம் திரளாமல் தடுக்கும். பால் சேர்ந்தால் அடிபிடிக்கும் என்பதால் அடிக்கடி கிளற வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. அதை எப்படிக் கையாள்வது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை: இரண்டாம் பாலைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிப் பாஸ்தாவை வேகவைத்து, முதல் பாலை அடுப்பை அணைக்கும்போது சேர்க்க வேண்டும். வெண்ணெயையும் சீஸையும் விட்டுவிட்டு, மிளகையும் பூண்டையும் சற்றுக் கூட்டி, இறக்கியதும் எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி பிழியுங்கள். சுவை அல்ஃபிரேடோ பாணிப் பாஸ்தாவிலிருந்து வெகு தூரம் விலகி, சொதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு அதில் புகார் இல்லை. ஊறவைத்து அரைத்த முந்திரி விழுதும் உதவும். ஆனால் அது ஆறியதும் இறுகிவிடும்.

தக்காளி போட்டேன், க்ரீம் திரிஞ்சு திட்டுத் திட்டா ஆயிடுச்சு. ஏன்?

புளிப்பும் கொதியும் சேர்ந்து பால் புரதத்தைத் திரளச் செய்துவிட்டன. பன்னீர் செய்வதும் இதே வழியில்தான். நாட்டுத் தக்காளியில் புளிப்பு கூடுதல், பெங்களூர்த் தக்காளியில் குறைவு. எதுவானாலும், தண்ணீர் ஊற்றும் முன்பே எண்ணெய் பிரியும் வரை வதக்கிவிடுங்கள். பிறகு, க்ரீமை நேரடியாக ஊற்றாமல், ஒரு கிண்ணத்தில் எடுத்து, கடாயிலிருந்து ஒரு கரண்டி சூடான குழம்பை அதில் ஊற்றிக் கலக்கி, அதைக் கடாயில் சேருங்கள். ஃப்ரெஷ் க்ரீமின் கொழுப்பளவு பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

தயிர் சேர்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம்.

எந்த சீஸ்? ஸ்லைஸ் சீஸ் போட்டா கேவலமா இருக்குமா?

கேவலமெல்லாம் இல்லை. ஸ்லைஸ் போன்ற பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால் அது வேறு எந்தச் சீஸையும்விட வழவழப்பாக உருகும்; கொழுப்பு தனியே பிரியாது. சுவை மட்டும் தட்டையாக இருக்கும். பார்மேசன் கிடைத்தால் 20 கிராம் போதும், விலையும் அதற்குமேல் போட விடாது. அசல் இத்தாலியப் பார்மேசனில் பாலைத் திரளச் செய்ய, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் பயன்படுத்தப்படுகிறது என்பதைச் சைவ வடிவம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். மோசரெல்லா இழை இழையாக நீளும், குழம்போடு கலக்காது. துருவிய நிலையில் விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மாவுப்பொருள் குழம்பைச் சொரசொரப்பாக்கலாம். கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

எந்தச் சீஸானாலும் அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும்.

ஓரிகனோ இல்லை. கரம் மசாலா போட்டுக்கலாமா?

கரம் மசாலா வேண்டாம் என்பது என் கருத்து. பட்டையும் கிராம்பும் க்ரீமின் மென்சுவையை முழுவதுமாக மூடிவிடும். இடித்த மிளகு, கொஞ்சம் பெருஞ்சீரகத் தூள், பீட்சாவோடு வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் குவிந்து கிடக்கும் சில்லி ஃப்ளேக்ஸ் ஆகியவை போதும்.

ஓரிகனோவுக்கு மாற்று உங்கள் பால்கனித் தொட்டியிலேயே இருக்கலாம். கற்பூரவல்லியும் ஓரிகனோவும் துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் மணத்திலும் கார்வக்ரால் என்ற வேதிப்பொருளுக்குப் பங்குண்டு. இளம் இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் பூண்டோடு வதக்குங்கள். மூன்றாவது இலை போட்டால் சளிக்குக் கொடுக்கும் கஷாயத்தின் வாடை வந்துவிடும்.

ரெசிபியில ஒயிட் ஒயின்னு இருக்கு. நாங்க அதெல்லாம் வாங்கறதில்லை.

அதன் வேலை இரண்டு: அடியில் ஒட்டியிருக்கும் படலத்தைக் கரைப்பது, சிறிது புளிப்புத் தருவது. முதலாவதைத் தண்ணீரே செய்யும். இரண்டாவதற்கு, இறக்கியபின் சில துளி எலுமிச்சைச் சாறு.

வெந்துடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? பாக்கெட்ல 11 நிமிஷம்னு இருக்கு, எனக்கு வேகவே இல்லை.

பாக்கெட்டில் இருப்பது பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் நிலைக்கான நேரம். கடாயில் தண்ணீர் குறைவு, குழம்பும் கெட்டி. ஆகவே இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும். ஒரு பென்னேவை எடுத்து நடுவில் கடித்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் வெள்ளைப் புள்ளி பெரிதாகத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் கறியையும் அதன் சாற்றையும் சேர்க்கும் நேரம். புள்ளியே மறைந்துவிட்டால் உடனே சேர்த்து, கறி வெந்ததும் தாமதிக்காமல் முடியுங்கள்.

குழம்பின் பதத்துக்கு, கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் அதிகம். அடி தெரிந்து, இரண்டு மூன்று விநாடியில் மெல்ல மூடினால் க்ரீம் ஊற்றலாம். மூடாமலே நின்றால் அரை டம்ளர் வெந்நீர் தேவை. நீங்கள் விரும்பும் பதத்தைவிடச் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். மேசைக்குப் போவதற்குள் அது இறுகும்.

பாஸ்தா வெந்துடுச்சு, ஆனா சாஸ் தண்ணியா நிக்குது. இல்லேன்னா எண்ணெய் தனியா மிதக்குது. காப்பாத்த முடியுமா?

தண்ணீராக இருந்தால் மேலும் கொதிக்கவிடாதீர்கள், பாஸ்தா குழையும். அடுப்பை அணைத்து, மூடாமல் 5 நிமிடம் விடுங்கள்; பெரும்பாலும் தானாகவே கெட்டியாகும். ஆகவில்லையென்றால் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, அரை நிமிடம் கொதி காட்டுங்கள்.

எண்ணெய் மிதந்தால் அதிக வெப்பத்தில் சீஸோ க்ரீமோ பிரிந்திருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, ஒரே திசையில் வேகமாகக் கலக்கினால் மாவுச்சத்து கொழுப்பைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். தக்காளிப் புளிப்பால் திரிந்ததை இப்படி மீட்க முடியாது. சுவையில் கேடில்லை, தோற்றம்தான் போகும்.

புரட்டாசியில என்ன பண்றது?

பட்டன் காளான் 300 கிராம். கழுவி நறுக்கி, உப்பில்லாமல், பெரிய தீயில், அது விடும் தண்ணீர் முழுதும் வற்றிப் பழுப்பேறும் வரை வதக்குங்கள். பாதியில் நிறுத்தினால் மிச்ச நீர் குழம்பில் இறங்கி, மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கைக் குலைக்கும். பன்னீர் போடுவதானால் க்ரீமோடு சேர்த்துக் கடைசியில் போடலாம். சீஸ் பற்றிய பதிலில் ரென்னெட் குறித்துச் சொன்னதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்குப் பண்ணணும். எல்லாத்தையும் மூணு மடங்கு போட்டா சரியா?

பெரிய அண்டாவில் மூன்று மடங்கு போட்டால் அடியிலுள்ள பாஸ்தா மேலே இருப்பதன் எடையில் நசுங்கும், கறியும் சிவக்காது. இரண்டு கடாய்களில் 400 கிராம் வீதம் செய்யுங்கள். ஆவியாகும் அளவு பாஸ்தாவின் எடையைப் பொறுத்ததன்று, கடாயின் அகலத்தைப் பொறுத்தது. ஆகவே 400 கிராமுக்கு 1,200 மில்லி தேவைப்படாது. 1,050 மில்லியில் தொடங்கி வெந்நீரைக் கைவசம் வைத்திருங்கள்.

மிச்சத்தை மறுநாள் குழந்தைக்கு லஞ்ச் பாக்ஸ்ல கொடுத்தனுப்பலாமா?

சாதாரண டப்பாவில் வேண்டாம். வெந்த பாஸ்தா, கோழி, க்ரீம் மூன்றுமே கிருமி விரும்பும் பொருள்கள். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். சென்னையில் எந்த மாதத்தில் எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குக் கட்டி, பன்னிரண்டரைக்குத் திறக்கும் டப்பா இந்தக் கணக்கில் எங்கும் அடங்காது. வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய வெப்பக் குடுவையில் கொதிக்கக் கொதிக்க நிரப்பி, சாப்பிடும் வரை 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்குமென்றால் மட்டுமே அனுப்பலாம்.

வீட்டில் சாப்பிட வைப்பதானால், இரவே ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியில் கிடந்ததை நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சோற்றிலும் பாஸ்தாவிலும் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் ஒருவகை நச்சு கொதியிலும் அழியாது.

ஃப்ரிட்ஜ்ல வச்சது கட்டியா ஆயிடுச்சே, எப்படிச் சூடு பண்றது?

குளிரில் மாவுச்சத்து இறுகுவதால் அப்படியாகிறது. ஒரு தட்டுக்குக் கால் டம்ளர் பால் ஊற்றி, மூடி, சிம்மில் கிளறாமல் 3 நிமிடம் வைத்து, பிறகு மெதுவாகப் புரட்டி, முழுவதும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் நடுவில் ஒருமுறை நிறுத்திக் கிளறுங்கள்.

கெஸ்ட் எட்டு மணிக்கு வர்றேன்னாங்க, ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல நிக்கறாங்க. எந்த இடத்துல நிறுத்தி வைக்கலாம்?

தண்ணீர் ஊற்றுவதற்கு முன். பாஸ்தா தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு நிறுத்த இடமில்லை. அணைத்து வைத்தாலும் அது ஊறிக்கொண்டேயிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான செய்முறையில் தட்டில் எடுத்து வைக்கும் கறி அரைவேக்காடு. 10 நிமிடம் அப்படி இருக்கலாம், ஒன்றரை மணி நேரம் இருக்கக் கூடாது. எனவே தாமதமாகும் என்று முன்பே தெரிந்தால், கறியை நறுக்கி, உப்பும் மிளகும் தடவி, பச்சையாகவே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஏற்கெனவே வறுத்தாகிவிட்டதென்றால், திரும்பக் கடாயில் போட்டு உள்ளே இளஞ்சிவப்பு மறையும்வரை முழுதாக வேகவைத்து, ஆறவைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். பரிமாறும் நேரத்தில் குழம்பில் 4 நிமிடம் கொதித்தால் போதும். தொடைக்கறி இந்த இரட்டைச் சூட்டைத் தாங்கும், நெஞ்சுக்கறி தாங்காது. வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிக் கடாயை மூடிவிடலாம். விருந்தினர் மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்டிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னதும் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தொடங்குங்கள். அவர்கள் வந்து கைகால் கழுவி உட்காரும்போது நீங்கள் க்ரீம் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.